ஓல்டன்பர்க் குதிரை இனமா, வெறும் முத்திரையா?

சேணம்77:
"நாட்டு மாட்டுக்கும் ஜெர்சி கிராஸுக்கும் உள்ள வித்தியாசம்தான் அரபிக் குதிரைக்கும் ஜெர்மன் வார்ம்பிளட்டுக்கும் (விளையாட்டுக்குன்னு வளர்க்கிற சவாரிக் குதிரை). ஹனோவர், ஹோல்ஸ்டீன், ஓல்டன்பர்க் எல்லாம் ஊர்ப் பேரு, இனம் கிடையாது"ன்னு நேத்து லாடக்காரன் எழுதியிருந்தார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது. ஹனோவர் நாட்டுல செல்லெங்கிற ஊர்ப் பொலிகுதிரைப் பண்ணை 1735-ல் ஆரம்பிச்சது. இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஜார்ஜ்தான் அப்ப ஹனோவருக்கும் அதிபதி, அவர் தொடங்கினது. ஹனோவர் பதிவேடு 1888-லிருந்து இருக்கு. இரண்டரை வயசுல ஆண்குதிரையை வெர்டன் ஊர்ல நடக்கிற தேர்வுக்குக் கொண்டு வரணும். கெட்டித் தரையில நடக்கவிட்டுக் கால் பார்ப்பாங்க, ஆள் ஏறாம தடை தாண்டவிடுவாங்க, எக்ஸ்ரேல மூட்டுக்குள்ள எலும்புத் துணுக்கு கிடக்கான்னு பார்ப்பாங்க. இத்தனை சல்லடையையும் ஜெர்சி ஊசியையும் ஒண்ணா வைக்கிறாரே மனுஷன்!

லாடக்காரன்:
சல்லடை இருக்கட்டும்ங்க. எனக்கு ஒரே கேள்விதான். அப்பன் ஹனோவர். ஆத்தா ஹோல்ஸ்டீன். குட்டியைக் கொண்டுபோய் ஓல்டன்பர்க் சங்கத்துல காட்டினா 'ஓ' எழுத்து முத்திரை, மேல ஒரு கிரீடம், ஓல்டன்பர்க்னு காகிதம். பெத்த ரெண்டுல ஒண்ணுகூட ஓல்டன்பர்க் இல்ல. குட்டிக்கு மட்டும் எங்கிருந்துங்க வந்துச்சு?

சேணம்77:
பாதியை முழுங்கிட்டு மீதியைச் சொல்றீங்க. கண்ட குதிரைக்கும் காகிதம் தர்றதில்லை. தாயை நேர்ல பார்த்து, உடலமைப்புக்கும் நடைக்கும் மதிப்பெண் போட்டு ஓல்டன்பர்க் பதிவேட்டுல ஏத்தணும். அப்பனுக்கு ஓல்டன்பர்க் அங்கீகாரம் இருக்கணும். ரெண்டும் ஏறின பிறகுதான் குட்டி.

லாடக்காரன்:
பதிவேட்டுல பேர் ஏறினா ரத்தம் மாறிடுமா? அப்பன் ஹனோவர், ஆத்தா ஹோல்ஸ்டீன். ரேஷன் கார்டுல பேர் சேர்க்கிற மாதிரியில்ல இருக்கு.

பஞ்சகல்யாணி:
இந்தக் குழப்பத்தில் ட்ராகேனர் இனத்தை இழுக்காதீர்கள். 1732-ல் பிரஷ்ய மன்னர் முதலாம் ஃபிரெடரிக் வில்லியம் தொடங்கிய பண்ணை அது. வெளியிலிருந்து தரோப்ரெட் (பந்தயக் குதிரை), அரபி, இவை இரண்டும் கலந்த ஆங்கிலோ-அரபி, அரபி வழி வந்த ஷாகியா ஆகியவற்றுக்கு மட்டுமே அனுமதி. ஹனோவரோ ஹோல்ஸ்டீனோ வாசலில்கூட நிற்க முடியாது. 1945 குளிர்காலத்தில் கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து உறைந்த நீரின் மேல் வண்டி இழுத்து உயிர் தப்பிய குதிரைகளின் வழித்தோன்றல்கள் இவை. மற்றவை விளையாட்டுக்காகச் சேர்த்த கலவை.

சேணம்77:
வந்துட்டாருய்யா ஜமீன்தார். தரோப்ரெட் வரலாம், அரபி வரலாம், ஆனா கலப்பு இல்லையாம்! உங்க கிரிபால்டிங்கிற பொலிகுதிரை ட்ராகேனர்தானே? டச்சுப் பெட்டைக்கு அது போட்ட குட்டிதான் டோட்டிலாஸ். உலகமே டச்சுக் குதிரைன்னுதான் கொண்டாடுச்சு.

பஞ்சகல்யாணி:
நாங்கள் கொடுப்போம், வாங்க மாட்டோம். அந்த வித்தியாசம் புரிய வேண்டும்.

லாடக்காரன்:
நல்லா எடுத்துக் கொடுத்தீங்க சேணம். டோட்டிலாஸ் அப்பன் ட்ராகேனர், குதிரை மட்டும் டச்சு. டச்சுப் பதிவேட்டுல வருஷத்துக்கு ஒரு எழுத்து; 2000-ல பொறந்ததால அந்த வருஷத்து எழுத்து 'டி'யில பேரு. 2002-ல பொறந்த இன்னொரு டச்சுக் குதிரை வலெக்ரோவுக்கு 'வி'. பேர் வைக்கிறதுல இருக்கிற கட்டுப்பாடு ரத்தத்துல இல்ல. மறுபடியும் அதே கேள்விதான்: அப்பன் ஹனோவர், ஆத்தா ஹோல்ஸ்டீன், குட்டி எப்படி ஓல்டன்பர்க்?

எலும்பளவு:
அயர்லாந்துக் கதையையும் கொஞ்சம் பாருங்கள். ஐரிஷ் டிராஃப்ட் (கனத்த வேலைக் குதிரை) பெட்டைக்குத் தரோப்ரெட் போட்டால் வரும் முதல் தலைமுறை ஏறத்தாழ ஒரே மாதிரி வரும்: 16.2 கை உயரம் (ஒரு கை 4 அங்குலம், ஆக 66 அங்குலம்), முன்னங்கால் எலும்பு எட்டரை அங்குலம். அந்த முதல் தலைமுறைக்குள்ளேயே சேர்த்தால்தான் வினை. ஒரு குட்டி கனத்த உடம்பும் குச்சிக் காலுமாக நிற்கும், இன்னொன்று டிராஃப்ட் உடம்பில் பந்தயக் குதிரையின் படபடப்போடு வரும். ஓட்டம் தொடங்கி இரண்டு மூன்று வருஷத்தில் குச்சிக் காலின் தசைநார் வீங்கும். இனம் என்றால் இரண்டாம் தலைமுறையும் ஒத்து வர வேண்டும்.

சேணம்77:
எட்டரை அங்குலம் எங்கே வெச்சு அளந்தது?

எலும்பளவு:
இடது முன்னங்கால், முட்டிக்குச் சற்றுக் கீழே, சுற்றளவு குறைவாக உள்ள இடம். டேப்பை இறுக்கிப் பிடித்து, காலையில் வேலைக்கு விடும் முன் அளக்க வேண்டும். ஓடி வந்த காலையும் பேண்டேஜ் அவிழ்த்த காலையும் அளந்தால் கால் அங்குலம் பொய் சொல்லும். விற்பவர்கள் அப்படித்தான் அளக்கிறார்கள்.

சேணம்77:
ஹோல்ஸ்டீனுக்கு வாங்க. 1960-கள்ல லேடிகில்லர்னு தரோப்ரெட், பிறகு பிரான்ஸ்லேர்ந்து கோர் த லா பிரியேர். ரெண்டையும் உள்ள விட்டு, ஒவ்வொரு தாய் வழிக்கும் எண் போட்டு, தலைமுறை தலைமுறையா அந்த ரத்தத்தையே திருப்பித் திருப்பிச் சேர்த்தாங்க. இன்னிக்கு ஹோல்ஸ்டீன் தடை தாண்டும்போது முன்னங்காலை மடக்குறதைப் பார்த்தே இன்னதுன்னு சொல்லலாம். நீங்க கேட்ட ஒத்து வர்றது அங்கே இருக்கு.

லாடக்காரன்:
காலை மடக்குறதைப் பார்த்து இனம் சொல்றவரு, போன மாசம் சுழி பார்த்துக் குதிரை வாங்குறவங்களைக் கிண்டல் பண்ணினீங்களே!

சேணம்77:
அந்தியூர்ச் சந்தையில சுழி பார்த்து விலை பேசுறதும் இதுவும் ஒண்ணா? அன்னிக்குத் தோத்ததை இன்னும் மறக்கலையா?

லாடக்காரன்:
யாரு தோத்தா? பதில் சொல்ல முடியாம பாதியில போனது நீங்க. இப்பவும் அதேதான். 'ஓ' முத்திரை எப்படி வந்துச்சு?

சேணம்77:
எந்தக் காலத்துல இருக்கீங்க? தோலை மரத்துப்போக வைக்காம முத்திரைச் சூடு போட ஜெர்மனியில 2019-லேர்ந்து அனுமதி இல்லை. இப்ப கழுத்துக்குள்ள வைக்கிற அடையாள எண் சிப்தான். 276-னு ஆரம்பிக்கும், ஜெர்மன் இனம்னு அதிலேயே தெரிஞ்சிடும்.

மரபணு மன்னார்:
தப்பு. சிப் எண்ணும் 15 இலக்கம், பிறப்புப் பதிவு எண்ணும் 15. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. பதிவு எண்ணுல முதல் மூணு நாடு (ஜெர்மனி 276, நெதர்லாந்து 528), அடுத்த மூணு எந்தப் பதிவேடு, மீதி ஒன்பது குதிரைக்கு. சிப் இடது கழுத்துல, பிடரிக்குச் சற்றுக் கீழே, தலைக்கும் தோளுக்கும் நடுவுல இருக்கும். எதுலயும் இனம் எழுதியிருக்காது.

இன்னொண்ணு. வார்ம்பிளட் குட்டிகளுக்குத் தோல் கிழிஞ்சு மூட்டு தளர்ந்து போற பரம்பரை நோய் இருக்கு. காரணம் பிளாட்1 மரபணுவுல ஒரு பிழை. சுமக்கிற குதிரைக்கு ஒண்ணும் ஆகாது. சுமக்கிற ரெண்டைச் சேர்த்தா ஒவ்வொரு சினைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு: கரு கலையும், இல்லைன்னா பிறந்த குட்டியைக் கருணைக்கொலை பண்ணணும். வார்ம்பிளட்டுல பத்துல ஒண்ணு இதைச் சுமக்குது. அது ஹனோவர், ஓல்டன்பர்க்னு முத்திரை பார்க்கிறதில்லை.

லாடக்காரன்:
இதைத்தானே நான் காலையிலேர்ந்து கத்துறேன்! நோயே எல்லைக்கோடு பார்க்கல. எல்லாம் ஒரே குட்டை, கரைக்குக் கரை வேற பேர்ப்பலகை.

சேணம்77:
ஒரே குட்டைன்னா அந்தக் குட்டையே ஒரு இனம்தானே? உங்க வாயாலேயே ஒத்துக்கிட்டீங்க.

லாடக்காரன்:
நான் எங்கே ஒத்துக்கிட்டேன்? குட்டைன்னேன், இனம்னு சொல்லலை.

மரபணு மன்னார்:
நீங்க புனிதமா நினைக்கிற தரோப்ரெட்டும் பயர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன் மூணையும் உள்ளூர்ப் பெட்டைகளோட சேர்த்த கலப்புதான். 1913-லேர்ந்து 1949 வரைக்கும் அமெரிக்கத் தரோப்ரெட் பலதும் தரோப்ரெட்டே இல்லைன்னு ஆங்கிலப் பதிவேடு தள்ளி வெச்சது. ஜெர்சி விதின்னு பேரு.

லாடக்காரன்:
பார்த்தீங்களா, அங்கேயும் ஜெர்சி!

மரபணு மன்னார்:
அது ஜெர்சி பிரபு, மாடு இல்லை.

லாடக்காரன்:
எதுவா வேணா இருக்கட்டும். இன்னிக்குத் தரோப்ரெட் குட்டிக்கு அப்பனும் ஆத்தாளும் தரோப்ரெட்டா இருக்கணும். அதுவும் நேரடியா சேரணும், ஊசி போட்டாப் பதிவு கிடையாது. ஓல்டன்பர்க்குக்கு அப்பன் ஹனோவர்...

எலும்பளவு:
மன்னார், அந்த நோய்ப் பரிசோதனைக்கு முடியை வெட்டி அனுப்பினால் போதுமா?

மரபணு மன்னார்:
வெட்டக் கூடாது, வேரோட பிடுங்கணும். வேர்லதான் செல் இருக்கு. பிடரியிலேர்ந்து 20, 30 முடி, காகித உறையில. ஈரத்தோட பிளாஸ்டிக்ல போட்டா பூசணம் பிடிச்சு முடி வீணாகும். குட்டியோட முடியில தாய் முடி கலந்துடாம பார்த்துக்கணும்.

லாடக்காரன்:
கலந்தா ஓல்டன்பர்க்ல பதிவு பண்ணிடலாம்.

பஞ்சகல்யாணி:
ஒருவர்கூட ட்ராகேனருக்குப் பதில் சொல்லவில்லை. இன்னொரு இழையில் சேணம் அதை "ட்ரக்னர்" என்று எழுதியிருக்கிறார். பெயரைக்கூடச் சரியாக எழுதத் தெரியாதவரோடு நான் ஏன் பேச வேண்டும்?

சேணம்77:
பேசாதீங்க, நிம்மதி.

லாடக்காரன்:
முப்பது பதிவு வந்தாச்சு. அப்பன் ஹனோவர், ஆத்தா ஹோல்ஸ்டீன். சொல்லுங்க?