வள்ளி கும்மிக்கும் வானத்துக்கும் வைடு லென்ஸ்: 14, 20, 24 மி.மீ. பற்றி நம் அனுபவம்

காங்கேயம்

எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் வள்ளி கும்மி, அதாவது வள்ளி-முருகன் கதையைப் பாடி ஆடும் கும்மி, அரங்கேற்றம் நடக்கிறது. வள்ளி கும்மிக் கலைஞர் கோவை பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்த சேதியை எங்கள் ஆசிரியர் களத்தில் மைக்கில் சொன்னபோது விழுந்த கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் களங்களில்தான் மூன்று வருடமாகப் படம் எடுக்கிறேன். அகலமான காட்சியை ஒரே படத்தில் அடக்கும் வைடு லென்ஸில் எது வாங்கலாம் என்று இரண்டு தம்பிகள் கேட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கேயே எழுதுகிறேன், நீங்களும் உங்கள் ஊர்ப் பெயரை மேலே போட்டு உங்கள் அனுபவத்தைச் சேருங்கள்.

முதலில் வைத்திருந்தது சம்யாங் 14 மி.மீ. எஃப் 2.8. மி.மீ. குறையக் குறையப் பார்வை அகலும், எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். மேனுவல் ஃபோகஸ் (கையால் திருப்பித்தான் கூர்மையாக்க வேண்டும்), விலை குறைவு. கோயில் மைதானம் முழுக்க ஒரே ஃபிரேமில் வந்துவிடும், அந்தச் சந்தோஷம் பெரிது. ஆனால் கும்மி நின்று போஸ் கொடுக்கிற ஆட்டம் இல்லை. பாட்டு வேகமெடுத்தால் கை, கால், முந்தானை எல்லாம் ஒன்றாகச் சுழலும். கம்பத்தில் கட்டிய ஃபோகஸ் லைட் வெளிச்சத்தில் எஃப் 2.8, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 6400 வைத்தும் ஷட்டர் வேகம் 1/125 விநாடிக்கு மேல் ஏறவில்லை. முகம் நிற்கிறது, தட்டுகிற கை கரைந்துவிடுகிறது. கும்மியில் கை கரைந்தால் அப்புறம் என்ன படம்?

அடுத்து சோனி 20 மி.மீ. எஃப் 1.8 வாங்கினேன். 2020-ல் வந்த லென்ஸ், எடை 373 கிராம்தான். எஃப் 2.8-ஐவிட எஃப் 1.8 ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெளிச்சம் விடும். அதே மைதானம், அதே விளக்கு, ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓ 5000. இரண்டு உள்ளங்கையும் சேர்கிற நொடியில் வளையல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதுகூடத் தெரிந்தது. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து அந்த ஒரு படத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

சரி, 14-லேயே எஃப் 1.8 இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. சோனியின் 14 எஃப் 1.8, 460 கிராம், 2021-ல் வந்தது. சிக்மாவின் பழைய 14 எஃப் 1.8 ஒரு கிலோவுக்கு மேல், அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாலு மணி நேரம் நிற்க முடியாது. நண்பரிடம் சோனி 14-ஐ இரவல் வாங்கி, ஒரே களத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். தரத்தில் 14 துளியும் சளைத்ததில்லை, மூலையில்கூட நல்ல கூர்மை. பிரச்சினை வேறு. வட்டத்தின் ஓரத்தில் என் பக்கத்திலேயே ஆடிய பெரியம்மாவுக்குப் படத்தைக் காட்டினேன். "ஏங்கண்ணு, என் கையி எதுக்கு இத்தாச்சோடு இருக்குது?" என்றார். "லென்ஸ் இழுத்துருச்சுங்கம்மா" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார், எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஆசையாகப் புதுச் சேலை கட்டி ஆட வந்தவர் படத்தில் அகலமாகத் தெரிவது சரியில்லை. இது லென்ஸின் பழுது அல்ல. நேர்கோட்டை நேர்கோடாகவே வைக்கிற எந்த வைடு லென்ஸும் ஓரத்தை இழுக்கத்தான் செய்யும், 114 டிகிரி பார்வையில் அது கண்ணை உறுத்துகிறது. 20-ல் 94 டிகிரி. ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு ஆட்களை வைத்தால் தப்பிக்கலாம்.

ஃபோகஸ் பற்றியும் ஒரு வார்த்தை. வைடு லென்ஸ் என்றால் எல்லாமே ஃபோகஸில் இருக்கும் என்று எஃப் 1.8-ல் நம்பாதீர்கள். 20 மி.மீ.-ல் 3 மீட்டர் தூரத்து ஆள்மேல் ஃபோகஸ் வைத்தால், சுமார் 2 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரைதான் கூர்மை. பின் வரிசை மெல்ல மங்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது. கூட்டம் முழுக்கத் தெளிவாக வேண்டும் என்பவர்கள் 7 மீட்டருக்குப் பக்கத்தில் ஃபோகஸ் வையுங்கள், முன்னால் மூன்றே முக்கால் மீட்டரிலிருந்து கடைசிவரை நன்றாகவே வரும்.

இன்னொன்று: எல்இடி விளக்குக் களத்தில் சைலண்ட் ஷட்டர் (சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர்) வேண்டாம். சேலை மேல் பட்டை பட்டையாக விழும். ஒரு அரங்கேற்றத்தில் பாதிப் படம் எனக்கு அப்படிப் போனது.

பொள்ளாச்சி

அண்ணா, நீங்கள் சொன்னது ஆட்டத்துக்கு. நான் வானத்துக்குச் சொல்கிறேன், கணக்கே மாறுகிறது.

பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலை, கோயமுத்தூர் வெளிச்சம் வடக்கே. பால்வீதியின் நடுப்பகுதி நம் ஊரில் தெற்கு வானத்தில் சுமார் 50 டிகிரி உயரம்வரை ஏறும். இதைவிட என்ன வேண்டும்? மாசி, பங்குனியில் நடுச்சாமம் தாண்டித் தென்கிழக்கில் எழும்பி, விடிவதற்குள் மலைக்கு மேலே வந்துவிடும். ஆனி, ஆடியில் மேகம் விடாது. காட்டுக்குள் ராத்திரி போக அனுமதி இல்லை, போகவும் கூடாது. எங்கள் தோட்டத்துச் சாளை (தோட்டத்து வீடு) மொட்டைமாடியே எனக்குப் போதும்.

நட்சத்திரம் ஒரு புள்ளி. அதற்கு எஃப் எண்ணைவிட வெளிச்சம் நுழைகிற வாயின் விட்டம்தான் முக்கியம். குவியதூரத்தை (லென்ஸின் மி.மீ. எண்) எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 14 எஃப் 2.8-க்கு 5 மி.மீ., 14 எஃப் 1.8-க்கு 8-க்குக் கொஞ்சம் குறைவு, 20 எஃப் 1.8-க்கு 11, 24 எஃப் 1.4-க்கு 17. பரப்பளவில் பார்த்தால் 5-க்கும் 17-க்கும் பதினோரு மடங்குக்கு மேல் வித்தியாசம். அதனால்தான் 14 எஃப் 2.8-ல் எடுத்த வானம் காலியாகத் தெரிகிறது, 24-ல் எடுத்தது மாவு தூவிய மாதிரி இருக்கிறது.

ஆனால் நான் முதலில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் 24 எஃப் 1.4 என்னை அழவைத்தது. நடுவில் நட்சத்திரம் ஊசிமுனை, மூலைக்குப் போகப் போக ஒவ்வொன்றும் இறக்கை விரித்த குருவி. கோமா என்பார்கள். பகலில் எடுத்த படத்தில் அது தெரியவே தெரியாது. தெருவிளக்கு ஒன்றை ஃபிரேமின் மூலையில் வைத்து, அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழைகிற வாயை) முழுக்கத் திறந்து எடுத்துப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் குட்டு வெளிப்படும். எஃப் 2.8-க்கு வாயைச் சுருக்கினால் சரியாகிறது, ஆனால் 1.4-க்குக் கொடுத்த காசு வீண். இப்போது சோனி 24 எஃப் 1.4 வைத்திருக்கிறேன், 445 கிராம், மூலையில் புள்ளி கிட்டத்தட்டப் புள்ளியாகவே நிற்கிறது. ஷட்டருக்கு 500-ஐக் குவியதூரத்தால் வகுக்கச் சொல்லும் பழைய கணக்கை நம்ப வேண்டாம். 24-க்கு அது 20 விநாடி சொல்லும், இன்றைய கேமராவில் கோடு விழும். நான் 10 விநாடியைத் தாண்டுவதில்லை.

பனி இன்னொரு எதிரி. தென்னந்தோப்புக்கு நடுவே வாய்க்கால் ஓடுகிற இடம். மூன்று மணிக்கு மேல் முன்கண்ணாடி வியர்த்துவிடும். ஒரு பங்குனி ராத்திரியில் நாற்பது படம் எடுத்த பிறகுதான் கவனித்தேன், கடைசி முப்பதும் பால் ஊற்றினதுபோல வெள்ளை. அதற்கென்று சூடேற்றும் பட்டை விற்கிறார்கள், பவர் பேங்க்கில் ஓடும். அது கைக்கு வருமுன் அம்மா ஒரு யோசனை சொன்னார். முழங்கால் வலிக்குக் கொடுக்கிற உப்பு ஒத்தடம்தான். கல்லுப்பை இளஞ்சூடாக வறுத்து, பழைய சாக்ஸில் கட்டி, லென்ஸ் ஹூடுக்குக் கீழே சுற்றினேன். அரை மணி நேரம் பனி அண்டவில்லை.

கோபி

என்னிடம் சென்சார் சிறிதான ஏபிஎஸ்-சி கேமரா. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேமுக்கு மாறக் காசு இல்லை. வில்ட்ராக்ஸ் 13 எஃப் 1.4 வாங்கினேன். காங்கேயம் அண்ணாவின் 20-க்குச் சமமான பார்வை வருகிறது. 420 கிராம். முன்னால் 67 மி.மீ. பில்டர் மாட்டலாம், அந்தியூர்க் குதிரைச் சந்தைப் புழுதியில் அது பெரிய நிம்மதி. பில்டர் மாட்ட முடியாத உருண்டைக் கண்ணாடி வைத்த லென்ஸை அந்தக் குதிரைகளுக்கு நடுவே கொண்டுபோக எனக்குத் தைரியம் வராது.

பேரூர்

கோயில் கட்டடங்கள் எடுக்கிறேன். எல்லோரும் எஃப் எண்ணைத் துரத்துவதைப் பார்த்து நானும் துரத்தினேன். பட்டீசுவரர் கோயில் கனகசபைத் தூண் சிற்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மண்டபத்துச் சங்கிலிக்கும் சுருளுக்கும் எஃப் 1.8 உதவவே உதவாது. முன் கை தெளிவாக இருக்கும், பின்னால் அணி வேலை மங்கிவிடும். எஃப் 8 வேண்டும், ட்ரைபாட் வேண்டும், அதற்குக் கோயில் அலுவலகத்தில் முறையாகக் கேட்க வேண்டும். என் வேலைக்கு எஃப் 4 லென்ஸே போதும் என்று தெரிந்துகொள்ள இரண்டு வருடம் ஆனது.

அதோடு ஒரு விஷயம். ஒரு கடையில் வாடகைக்கு எடுத்த 16-35 மி.மீ. எஃப் 2.8 ஜூம் லென்ஸில் இடது பக்கம் மட்டும் மசமசவென்று இருந்தது. கேமராவைத் திருப்பிப் பிடித்தும் அதே பக்கம்தான். உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது. வாங்கும்போதே, வாடகைக்கு எடுக்கும்போதே ஒரு செங்கல் சுவரை நேராக எடுத்து நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள்.

காங்கேயம்

பொள்ளாச்சித் தம்பி சொன்ன விட்டக் கணக்கு எனக்குப் புதுசு. இத்தனை நாள் 14-ஐ வைத்துக்கொண்டு பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளுக்கு மேலே வானம் ஏன் வெறுமையாக வந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது. வரும் மாசி அமாவாசைக்கு 20-ஐ எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டத்துக்கு வரட்டுமா?

பொள்ளாச்சி

தாராளமா வாங்கண்ணா. இங்கேயே சாப்பிட்டுக்கலாம். அம்மாகிட்ட இன்னொரு சாக்ஸ் உப்பு சேர்த்து வறுக்கச் சொல்லிடறேன்.