புதுப்பிப்பு: கூட்டத்துக்கு முந்தைய இரவுப் பதற்றம், எண்ணத்தை எழுதிப் பார்த்ததில் குறைந்தது

"நாளை எல்லோர் முன்னும் தடுமாறப் போகிறேன்" என்ற எண்ணம், அலுவலகக் கூட்டத்துக்கு முந்தைய இரவுகளில் உறக்கத்தைக் கெடுப்பதாக இங்கே எழுதியிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் எண்ணத்தை அடக்கிப் பார்த்தேன். அது வலுக்கவே செய்தது. பலன் தந்தது, 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய அறிதிறன் சிகிச்சையில் (எண்ணங்களைச் சோதித்து மாற்றும் உளவியல் சிகிச்சை) பயன்படும் எண்ணப் பதிவேடுதான்: எண்ணத்தை அப்படியே எழுதி, அதற்கு ஆதரவான சான்றையும் மறுக்கும் சான்றையும் எதிரெதிரே குறித்து, பிறகு நியாயமான மாற்று வாக்கியம் ஒன்றை எழுத வேண்டும். "எல்லாம் நன்றாக நடக்கும்" என்று எழுதியதை மனம் ஏற்கவில்லை. "சென்ற முறை ஒரு கேள்விக்குத் திணறினேன், மற்ற மூன்றுக்கும் பதில் சொன்னேன்" என்று எழுதியபோதுதான் நெஞ்சிறுக்கம் தளர்ந்தது.

எதிர்பாராத ஒன்று: படபடப்பு உச்சத்தில் இருக்கையில் எழுத்து கைகொடுக்கவில்லை; மூச்சை மெதுவாக விட்டு உடல் அடங்கிய பிறகே எழுத முடிந்தது. ஆறு வாரங்களாகியும் பதற்றம் முற்றிலும் நீங்கவில்லை என்றாலும், நள்ளிரவுக்கு முன்பே உறங்கிவிடுகிறேன்.