சோதனையில் இருக்கும் பிரவுசர் வசதியை நம்பலாமா?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும்.

நான் பராமரிக்கும் தளத்தில், குரோமின் ஆரிஜின் ட்ரையலில் (புதிய வசதியை எல்லோருக்கும் வெளியிடும் முன், விரும்பும் தளங்களில் சில காலம் சோதிக்கும் ஏற்பாடு) இருக்கும் ஒரு வசதியைச் சேர்க்க ஆசை. தளத்துக்கென ஒரு டோக்கன் (அனுமதிக் குறியீடு) வாங்கிப் பக்கத்தில் போட்டால் போதும், குரோமில் வருபவர்களுக்கு அது வேலை செய்யும். ஆனால் டோக்கனுக்குக் காலாவதி உண்டு. அப்புறம், குரோமில் திறக்கும் மொத்தப் பக்கங்களில் 0.5 சதவீதத்துக்கு மேல் அந்த வசதி பயன்பட்டால் நிறுத்திவிடுவார்கள். சோதனையையே எல்லோரும் நிரந்தரமாக நம்பிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அது நியாயம்தான்.

என் கவலை வேறு. குரோமில் முழுமையாக வெளியிட ஏபிஐ ஓனர்கள் (புது வசதிகளுக்கு ஒப்புதல் தரும் குழுவினர்) மூவர் சம்மதிக்க வேண்டும். அப்போது மொசில்லா (ஃபயர்பாக்ஸ்), வெப்கிட் (சஃபாரி) குழுக்களின் நிலைப்பாட்டையும் பார்ப்பார்கள். சம்மதம் கிடைத்தாலும் மற்ற பிரவுசர்களுக்கு வர வருடங்கள் ஆகலாம். பக்கக் காட்சி மாறும்போது அசைவு காட்டும் வியூ டிரான்ஸிஷன்ஸ் வசதி குரோமுக்கு 2023இல் வந்தது, ஃபயர்பாக்ஸுக்கு 2025இல்தான்.

சோதனைக் காலம் முடிந்து, வசதி கைவிடப்பட்ட அனுபவம் யாருக்காவது உண்டா? அப்போது தளத்தை எப்படிச் சமாளித்தீர்கள்? முக்கியமாக, நம்மைப் போன்ற சிறிய டெவலப்பர்கள் குரோம் குழுவுக்கு அனுப்பும் கருத்தால் ஏதாவது மாறியிருக்கிறதா? மாறும் என்றால் நேரம் ஒதுக்கி விரிவாகவே எழுதி அனுப்புவேன்.