இரண்டரை லட்சத்துக்குள் செகண்ட்ஸ் கார்: வேகன் ஆரா, ஃபிகோவா, எட்டியோஸா?

நத்தம் ரோடு:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் திண்டுக்கல் பக்கம். வீட்டில் நான், கணவர், பையன், அப்பா. அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் மடங்காது, இதய சிகிச்சைக்காக மாதம் இரண்டு தடவை மதுரை போக வேண்டும். கையில் இருப்பது 2.5 லட்சம், அது சீட்டு எடுத்த பணம். கடன் வாங்குவதாக இல்லை. மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 2013 வேகன் ஆர் பெட்ரோல், ஒரே ஓனர், 78,000 கிலோமீட்டர், 2.45 சொல்கிறார்கள். அடுத்தது 2014 ஃபிகோ டீசல், 1.10 லட்சம் கிலோமீட்டர், 1.65 போதுமாம். மூன்றாவது 2012 எட்டியோஸ் பெட்ரோல், மூன்றாவது ஓனர், 2.40. வழியில் நிற்கக் கூடாது, எங்களுக்கு அதுதான் முக்கியம். எதை எடுக்கலாம்?

பழைய ஸ்பேனர்:
வேகன் ஆர், தங்கச்சி. கரூரில் 22 வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் சொல்கிறேன். அந்த 998 சிசி கே சீரிஸ் என்ஜின் டைமிங் செயின் (வால்வுகளை ஓட்டும் சங்கிலி) போட்டது, ஆயில் ஒழுங்காக மாற்றியிருந்தால் லட்சத்துக்கு மேல் ஓடியும் என்னிடம் பிரிக்காமல் வருகிற வண்டிகள் நிறைய. அதைவிடப் பெரிய விஷயம், நத்தத்தில் நின்றாலும் ஒட்டன்சத்திரத்தில் நின்றாலும் அதைத் தொடப் பயப்படாத மெக்கானிக் பக்கத்திலேயே இருப்பார், ஸ்பேர் கடையில் அன்றைக்கே சாமான் கிடைக்கும். உயரமான வண்டி என்பதால் அப்பா குனியாமல் ஏறலாம்.

மறைமலை:
நான் உடன்படவில்லை. ஒன்பது வருடமாக ஃபிகோ டீசல்தான் வைத்திருக்கிறேன், ஒரு தடவைகூட நடுரோட்டில் நிறுத்தியதில்லை. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததும் எல்லோரும் பயந்துபோய் விலையை இறக்கிவிட்டார்கள். வாங்குகிறவருக்கு அது லாபம்தானே? தரையை ஒட்டி உட்காரும் கனமான வண்டி, நாலு வழிச் சாலையில் 80ல் போகும்போது லாரி ஒன்று பக்கத்தில் கடந்தாலும் அலையாது. வேகன் ஆரில் அந்த இடத்தில் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். 1.65க்கு எடுத்தால் கையில் 85,000 மிச்சம். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆளின் முதுகைக் கேட்டுப் பாருங்கள் எது நல்ல வண்டி என்று.

பழைய ஸ்பேனர்:
ஓட்டுவதற்கு நல்ல வண்டிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த 1.4 டீசலில் செயினுக்குப் பதில் இருப்பது டைமிங் பெல்ட். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், என்ஜினை இறக்க வேண்டியதுதான். 1.10 லட்சம் ஓடிய வண்டியில் பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் டீசல் கணக்கு. தங்கச்சி மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுவார் என்று வைப்போம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 16 கொடுத்தால் 37 லிட்டர் சொச்சம், டீசல் 20 கொடுத்தால் 30 லிட்டர். இன்றைய விலையில் மாதம் சுமார் ஆயிரம் ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 12,000. ஒரு இன்ஜெக்டர் வேலை வந்தாலே அது காலி, டர்போ போனால் இரண்டு வருட மிச்சமும் சேர்ந்து போகும். தினமும் நூறு கிலோமீட்டர் ஓடுகிறவருக்குத்தான் பழைய டீசல்.

டோல்கேட்:
இரண்டு பேரும் பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே. திண்டுக்கல் மதுரை என்றால் தேசிய நெடுஞ்சாலை 44, லாரியும் ஆம்னி பஸ்ஸும் பறக்கிற ரோடு. 2014ல் குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஆல்ட்டோ 800, ஸ்விஃப்ட் இரண்டுக்குமே பூஜ்யம்தான் கிடைத்தது. எட்டியோஸ் 2016ல் நான்கு நட்சத்திரம் வாங்கியது. 1.5 பெட்ரோல் என்ஜின் அவ்வளவு சீக்கிரம் தேயாது, டாக்ஸிக்காரர்கள் எட்டியோஸை எடுத்து ஓட்டியதே அதனால்தான். வயதானவரை வைத்துக்கொண்டு போகிற குடும்பத்துக்கு அதுதான்.

ஆர்.டி.ஓ. வாசல்:
டோல்கேட் அண்ணா, அந்த நான்கு நட்சத்திரம் இரண்டு ஏர்பேக் வைத்த வண்டிக்குக் கிடைத்தது. 2012 எட்டியோஸில் அடிப்படை மாடலில் ஏர்பேக்கே கிடையாது. இவர் பார்த்த வண்டி எந்த மாடல் என்று தெரியாமல் நட்சத்திரத்தை எண்ணக் கூடாது. டிரைவர் ஏர்பேக் எல்லாப் புது கார்களிலும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். இந்த விலையில் கிடைக்கிற வண்டிகள் எல்லாம் அதற்கு முந்தையவை.

இன்னொன்று, நீங்களே சொன்ன டாக்ஸி விஷயம். எட்டியோஸ் என்றாலே டி போர்டாக ஓடி, பிறகு ஓன் போர்டாக மாற்றப்பட்டதா என்று பார்த்தே ஆக வேண்டும். மஞ்சள் போர்டில் மூன்று லட்சம் ஓடிய வண்டியை வெள்ளை போர்டாக்கி, மீட்டரைத் திருப்பி 90,000 என்று காட்டுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டால் எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் பாக்கி காட்டுகிறதா என்று வரும். பழைய பதிவு விவரத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்கலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் நம்பரைச் சொல்லிக் கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸுக்கு வந்தது என்று விசாரியுங்கள். அங்கே 2019ல் 1.20 லட்சம் என்று இருந்து, இப்போது மீட்டர் 90,000 காட்டினால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை, எழுந்து வந்துவிடலாம்.

டோல்கேட்:
ஏர்பேக் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன், மாடலைப் பார்க்க வேண்டும். ஆனால் ஏர்பேக் இல்லாத எட்டியோஸ்கூட ஏர்பேக் இல்லாத வேகன் ஆரைவிட மேல் என்றுதான் நினைக்கிறேன்.

பழைய ஸ்பேனர்:
நினைப்பது வேறு, சோதித்துப் பார்த்தது வேறு, தம்பி.

வாடகைக்காரன்:
எனக்கு ஒரு சந்தேகம். மாதம் இரண்டே தடவை மதுரைக்குப் போக எதற்குச் சொந்த வண்டி? வாடகைக்கு எடுத்தால் போக வர மூவாயிரம், மாதம் ஆறாயிரம். இன்சூரன்ஸ், டயர், பேட்டரி, சர்வீஸ் எதுவும் உங்கள் தலையில் இல்லை. சீட்டுப் பணத்தை வங்கியில் போடுங்கள்.

நத்தம் ரோடு:
அண்ணா, அதை நாங்களும் யோசித்தோம். போன ஐப்பசியில் இரவு ஒன்றரை மணிக்கு அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் வேறு கேஸுக்குப் போயிருந்தது, வழக்கமாகக் கூப்பிடுகிற டிரைவர் போன் எடுக்கவில்லை. மழையில் பக்கத்துத் தெரு ஆட்டோக்காரரை எழுப்பித்தான் கூட்டிக்கொண்டு போனோம். அந்த நாற்பது நிமிடத்தை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. வாசலில் ஒரு வண்டி, சாவி போட்டதும் கிளம்புகிற வண்டி, அதற்காகத்தான் இந்தப் பணம்.

வாடகைக்காரன்:
மன்னிக்கவும் சகோதரி. அப்படியானால் வாங்குங்கள்.

மறைமலை:
சாவி போட்டதும் கிளம்ப வேண்டும் என்றால் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் நன்றாக இருக்க வேண்டும், அது எந்த கம்பெனியானாலும் ஒன்றுதான். அதனால்தான் கையில் மிச்சம் வைக்கச் சொல்கிறேன். 2.45 கொடுத்து வேகன் ஆர் எடுத்தால் பெயர் மாற்றவும் இன்சூரன்ஸுக்கும்கூடக் காசு இருக்காது. ஃபிகோவை எடுத்துப் பெல்ட், பேட்டரி, நாலு டயர், பிரேக் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டாலும் 2.20 தாண்டாது. எது நம்பிக்கையான வண்டி, பழைய சாமானோடு வரும் நல்ல பெயரா, புதுச் சாமான் போட்ட வண்டியா?

இன்னொன்றும் சொல்கிறேன். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2013 பெட்ரோல் வண்டி அதற்காகச் செய்யப்பட்டதில்லை.

பழைய ஸ்பேனர்:
கையில் மிச்சம் வைக்க வேண்டும் என்பதில் நூற்றுக்கு நூறு உடன்படுகிறேன். எந்த வண்டியானாலும் குறைந்தது 40,000 தனியாக இருக்க வேண்டும். அதனால் வேகன் ஆரையும் 2.10க்கு மேல் எடுக்காதீர்கள் தங்கச்சி, பேரம் பேசுங்கள். எத்தனால் விஷயமும் உண்மைதான், மைலேஜ் கொஞ்சம் குறையும், பழைய ரப்பர் ஹோஸ்கள் சீக்கிரம் இறுகும். ஒரு தடவை ஹோஸை மாற்றிவிட்டு, சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் மறைமலை தம்பி, ஒரு விஷயம். போன வருடம் இந்தியாவை விட்டுப் போன ஒரு கம்பெனியின் கார் என் ஒர்க்‌ஷாப்பில் 34 நாள் நின்றது, ஒரே ஒரு சென்சாருக்காக. சென்னை, கோவை, பெங்களூர் எல்லாம் கேட்டோம். கடைசியில் பழைய இரும்புக் கடையில் உடைத்த வண்டியிலிருந்து கழற்றி வந்தது. அந்த 34 நாளில் இரவு ஒன்றரை மணி வந்திருந்தால்? என் பயம் அதுதான்.

மறைமலை:
ஃபோர்டுக்கு இன்னும் சர்வீஸ் நடக்கிறது, ஓடுகிற சாமான் எல்லாம் கிடைக்கிறது. முகப்பு விளக்கு, பம்பர் மாதிரி பாடி சாமான்தான் தேட வேண்டும், அதை மறைக்கவில்லை. மதுரையில் இருப்பவருக்கு இது பிரச்சினையே இல்லை. ஆனால் திண்டுக்கல்லைத் தாண்டி உள்ளே இருப்பவர் என்பதால் யோசிக்க வேண்டியதுதான்.

ஆர்.டி.ஓ. வாசல்:
எல்லோரும் என்ஜினையே பேசுகிறீர்கள், ஆர்.சி.யைப் பாருங்கள். தனியார் காருக்கு 15 வருடம். 2012 வண்டி 2027ல் முடியும், 2013 வண்டி 2028ல், 2014 வண்டி 2029ல். அதற்குப் பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம், ஆனால் 2022 ஏப்ரலிலிருந்து அந்தக் கட்டணம் 600லிருந்து 5,000 ஆகிவிட்டது, பசுமை வரி தனி. தகரம் துரு பிடித்த வண்டியென்றால் டிங்கரிங் செலவு அதைவிட அதிகம். இதையும் பேரத்தில் சேருங்கள்.

எட்டியோஸ் மூன்றாவது ஓனர் என்கிறீர்கள். ஆர்.சி.யில் இருக்கிற பெயரும் விற்கிறவரின் பெயரும் ஒன்றுதானா? கையெழுத்துப் போட்ட பெயர் மாற்றப் படிவம் 29, 30ஐ வைத்துக்கொண்டே நாலு கை மாறும் வண்டிகள் உண்டு. பதிவேட்டில் யார் பெயரோ அவர்தான் சட்டப்படி ஓனர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவர் மேல்தான் என்று 2018ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காததற்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) வண்டியோடு வராது, அது அவருடையது.

டோல்கேட்:
டெல்லி வண்டி மலிவு என்று யாராவது புரோக்கர் காட்டினால் போகாதீர்கள் சகோதரி. அங்கே டீசலுக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம் என்று தடை வந்ததால்தான் தள்ளிவிட ஆரம்பித்தார்கள், இங்கே கொண்டுவந்தால் லைஃப் டாக்ஸ் திரும்பக் கட்ட வேண்டும். சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ மூழ்கியதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் உள்ளே சேற்றுக் கோடு இருக்கும், அதைக் கழுவ யாருக்கும் தோன்றாது.

பழைய ஸ்பேனர்:
நன்றாகச் சொன்னீர்கள். தங்கச்சி, காலையில் ஆறு ஆறரைக்குப் போங்கள். முதலில் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபு என்று புகை தள்ளக் கூடாது. மூடிக்கு அடியில் பால் டீ நிறத்தில் பசை இருந்தால் தண்ணீர் கலக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். பிரேக் பெடல் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தால் 78,000 என்பதை நம்பாதீர்கள். சிறுமலை ரோடு உங்களுக்குப் பக்கம்தானே, அங்கே ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதியுங்கள், சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் போய்விட்டது. ஏசியை முழுக்க வைத்து இருபது நிமிடம் நின்ற இடத்தில் ஓடட்டும், டெம்பரேச்சர் முள் நகராமல் இருக்க வேண்டும். உங்கள் ஊர் மெக்கானிக் ஒருவருக்கு ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள், விற்கிறவர் கூட்டி வரும் மெக்கானிக் வேண்டாம்.

நத்தம் ரோடு:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை போய் வந்தோம். எட்டியோஸ் ஆர்.சி.யில் வேறு யாரோ பெயர், கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லை, விட்டுவிட்டோம். ஃபிகோ ஓட்ட நன்றாகவே இருந்தது மறைமலை அண்ணா, நீங்கள் சொன்னது பொய்யில்லை, ஆனால் பெல்ட் மாற்றிய பில் அவர்களிடம் இல்லை, அப்பாவும் இறங்கும்போது கதவைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. வேகன் ஆரில் அவரே ஏறி உட்கார்ந்தார், அவரே இறங்கினார். பானட் குளிராக இருந்தது, புகை இல்லை, சீட் பெல்ட் சுத்தம், சர்வீஸ் சென்டரில் சொன்ன கணக்கும் மீட்டரும் ஒத்துப்போகிறது. 2.20க்கு இறங்கியிருக்கிறார். ஆனால் ஆர்.சி.யில் இன்னும் எச்.பி. (வங்கிக் கடன் பதிவு) இருக்கிறது, கடன் முடிந்துவிட்டது, பேப்பர் மட்டும் எடுக்கவில்லை என்கிறார். இரண்டாயிரம் அட்வான்ஸ் கொடுக்கட்டுமா?

ஆர்.டி.ஓ. வாசல்:
கடன் முடிந்தது என்று வங்கி தரும் என்.ஓ.சி.யும், எச்.பி. நீக்கும் படிவம் 35ம் கண்ணில் பார்க்கும் வரை இரண்டாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் வேண்டாம். அந்த இரண்டாயிரத்துக்கும் வண்டி நம்பர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எச்.பி. கேன்சல் ஆகிப் பரிவாகனில் காட்டட்டும், பிறகு மீதிப் பணம்.

மறைமலை:
அப்பாவுக்கு ஏற இறங்க முடிகிறது என்றால் நான் மேலே பேச மாட்டேன். டயர் எந்த வருடம் என்று பார்த்தீர்களா? பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம்.

நத்தம் ரோடு:
இப்போதுதான் எடுத்து வைத்த போட்டோவில் பார்த்தேன் அண்ணா. முன்னால் இரண்டும் 2317 என்று இருக்கிறது.

பழைய ஸ்பேனர்:
2017 ஜூன் டயர். மேலே வரிப்பள்ளம் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், மழையில் பிரேக் பிடித்தால் வழுக்கும். அந்த போட்டோவை அவரிடம் காட்டி இன்னும் பத்தாயிரம் குறைக்கச் சொல்லுங்கள். குறைக்காவிட்டாலும் அப்பாவை ஏற்றுவதற்கு முன்னால் அந்த இரண்டையும் மாற்றிவிடுங்கள்.