ஒரே ‘வென்’, மூன்று வேலை

இங்கிலீஷ் கிராமரில் ‘வென் வந்தால் அட்வெர்ப் கிளாஸ், தட் வந்தால் நவுன் கிளாஸ்’ என்று நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தேன். (கிளாஸ் (clause) என்றால் பெரிய வாக்கியத்துக்குள் வரும் குட்டி வாக்கியம்.) காலாண்டுத் தேர்வில் ‘ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்’ வந்தது. யோசிக்காமல் அட்வெர்ப் என்று எழுதினேன். மார்க் போச்சு.

பாம்பனில் பக்கத்து வீட்டு அக்கா பி.ஏ. இங்கிலீஷ். புயல் கூண்டு ஏற்றி, படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்த நேரம். அவர் அப்பாவோடு உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். பேப்பரைப் பார்த்துவிட்டு, “‘வென்’னை விடுடா. ‘வென் தி பிரிட்ஜ் ஓப்பன்ஸ்’, இதைத் தமிழில் சொல்லு” என்றார். நான் முழிக்க, அவரே சொன்னார்:

“பாலம் திறக்கும்போது கப்பல் போகும். பாலம் எப்போ திறக்கும்னு தெரியாது. பாலம் திறக்கும் நாளில் கூட்டம் கூடும். மூணும் ஒண்ணா?”

முதலாவது, ‘போகும்’ என்ற வினைக்கு நேரம் சொல்கிறது, அட்வெர்ப். இரண்டாவது, ‘எது தெரியாது?’ என்று கேட்டால் முழுசாக வந்து பதிலாக நிற்கிறது, நவுன். தேர்வில் வந்ததும் இதுதான். மூன்றாவது (‘தி டே வென் தி பிரிட்ஜ் ஓப்பன்ஸ்’), ‘நாள்’ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அட்ஜெக்டிவ், அதாவது நம்ம பெயரெச்சம். தமிழில் அது பெயருக்கு முன்னால் வரும், இங்கிலீஷில் பின்னால் வரும். நாம் வழுக்குவது அங்கேதான். ‘தட்’டும் அப்படியே: ‘தி நெட் தட் ஹி பாட்’ என்றால் அவன் வாங்கிய வலை, அட்ஜெக்டிவ். ‘ஹி செட் தட்...’ என்றால் ‘என்று சொன்னான்’, நவுன். கட்டம் போட்ட பக்கத்தை அன்றைக்கே கிழித்துவிட்டேன்.

*

தம்பி, உன் ‘வென்’ கதையைப் படித்தேன். எனக்கு மார்க் போகவில்லை, ஐஸ் போனது. மண்டபம் ஊரில் மீன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வேலை. வெளியூர் மேனேஜர் காலையில் ‘டெல் மீ இஃப் தி போட் கம்ஸ்’ என்று மெசேஜ் போட்டார். ‘படகு வந்தால் சொல்லு’ என்று எடுத்துக்கொண்டேன். அட்வெர்ப். படகு வரவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் கேட்டதோ ‘படகு வருமா என்று சொல்லு’. நவுன். ‘இஃப்’புக்குப் பதில் ‘வெதர்’ (whether) என்று போட்டிருந்தால் எனக்கும் புரிந்திருக்கும். சாயங்காலம் வரை வண்டி ஐஸோடு நின்று, பாதி தண்ணீராக ஒழுகிவிட்டது. திட்டு மட்டும் சுத்தத் தமிழில் வந்தது.