புதுப்பிப்பு: மண்டபம் சென்சார், உறங்கி எழுந்தால் பூஜ்யம்

முன்கதை: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் கடல்நீர் வெப்பம் அளக்க ஒரு சின்ன லினக்ஸ் போர்டு வைத்திருக்கிறேன். மின்சாரம் சேமிக்க போர்டு போகும் உறக்கத்திலிருந்து எழுந்ததும் சென்சார் வெறும் பூஜ்யமாகவே தருகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். உப்புக்காற்றில் கனெக்டர் அரித்துவிட்டது என்று அடித்துச் சொன்னவனும் நான்தான். தப்பு. பாவம், இந்த ஊரில் எது கெட்டாலும் பழி உப்புக்காற்றுக்குத்தான்.

‘எந்த உறக்கம், தம்பி?’ என்று ஓர் அண்ணன் கேட்டிருந்தார். அங்கேதான் முடிச்சு. லினக்ஸில் உறக்கம் ஒன்றல்ல. லேசான ‘எஸ்2ஐடில்’ உறக்கத்தில் என் சென்சாருக்கு மின்சாரம் தொடர்ந்து வருகிறது, ரெஜிஸ்டர்கள் (அதன் அமைப்புகளை வைத்திருக்கும் சிறு நினைவிடங்கள்) அப்படியே இருக்கின்றன. ‘டீப்’ உறக்கத்தில் சென்சாருக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டரே அணைந்துவிடுகிறது. எழும்போது சென்சார் புதிதாய்ப் பிறந்த பிள்ளை, பழைய அமைப்பு எதுவும் நினைவில்லை. நான் எழுதிய டிரைவரோ (சென்சாரை இயக்கும் நிரல்) இரண்டையும் ‘உறக்கம்: ஆம்/இல்லை’ என்ற ஒரே மாறியில் அடக்கிவிட்டது. மேசையில் எஸ்2ஐடிலில் மட்டும் சோதித்ததால் பிழை சிக்கவில்லை.

கணினிகளின் மின்சார நிர்வாகத்துக்கான ஏசிபிஐ (ACPI) வரையறை 1996லேயே இதைப் பிரித்துவிட்டது: முழு இயந்திரத்தின் நிலை எஸ்0 முதல் எஸ்5 வரை, தனிச் சாதனத்தின் நிலை டி0 முதல் டி3 வரை. என் போர்டில் ஏசிபிஐ கிடையாது, ஆனால் பாடம் அதேதான்.

சரி, தீர்வு: போர்டு எழும்போது டிரைவருக்கு வரும் ‘ரெஸ்யூம்’ அழைப்பில் எந்த உறக்கம் என்று பார்க்காமல் எல்லா ரெஜிஸ்டரையும் திரும்ப எழுதுகிறேன். சில மில்லி விநாடி வீண்தான், போகட்டும். மூன்று இரவாக ஓடுகிறது, ஒரு பூஜ்யம்கூட இல்லை.

கனெக்டரையும் மாற்றிவிட்டேன். அதுவும் கொஞ்சம் அரித்துத்தான் இருந்தது.