தலை தீபாவளிச் செலவு: போனஸ் குறைந்த ஆண்டில் எதைக் குறைப்பது?

பல்லாவரம் வாசகி (கேள்வி, அக்டோபர் 2025)

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் பல்லாவரம் பக்கத்தில் காலணி ஏற்றுமதி செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் தையல் பிரிவில் வேலை செய்கிறார். ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்த பிறகு, அங்கிருந்து வர வேண்டிய ஆர்டர்கள் நின்றுபோய், ஓவர்டைம் என்பதே இல்லாமல் போய்விட்டது. சென்ற ஆண்டு 20 சதவீதம் என்று 16,800 ரூபாய் போனஸ் கொடுத்தார்கள். இந்த ஆண்டு 8.33 சதவீதம்தான் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். கைக்கு வருவது 7,000 ரூபாய்.

நேரம் பார்த்து இந்த ஆண்டுதான் என் நாத்தனாருக்குத் தலை தீபாவளி. ஆவணியில் திருமணம் நடந்தது. மாமனார் இல்லாததால் அண்ணன் என்ற முறையில் எல்லாம் என் கணவர்தான் செய்ய வேண்டும். மாப்பிள்ளைக்கு அரைப் பவுனில் மோதிரம் போடுவதாகக் கல்யாணப் பேச்சின்போதே சொல்லியிருந்தார்கள். அப்போது சொன்ன விலை வேறு. இந்த வாரம் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. போதாததற்கு, வீட்டு டிவியில் கோடுகோடாக விழுவதால், மாப்பிள்ளை வருவதற்குள் 43 அங்குல டிவி ஒன்றைத் தவணையில் எடுத்துவிடலாம் என்கிறார் கணவர். வட்டியில்லாத் தவணை என்று கடையில் சொன்னார்களாம்.

போனஸையும் நான் எடுத்த சீட்டுப் பணத்தையும் சேர்த்தால் கையில் 32,000 ரூபாய் இருக்கிறது. குறைக்க வேண்டியவற்றை நேற்று இரவு ஒரு தாளில் எழுதினேன். எனக்குப் புடவை வேண்டாம். ரவிக்கைகளைத் தைக்கக் கொடுக்காமல் ரெடிமேடாக வாங்கிக்கொள்ளலாம். எதிர்வீட்டுப் பாட்டியிடம் சொல்லும் முறுக்கு, அதிரசத்தை நிறுத்திவிட்டுக் கடைப் பெட்டி இனிப்பு ஒன்றோடு முடித்துக்கொள்ளலாம். தண்ணீர்க் கேன் போடும் தம்பிக்கும் தெருப் பெருக்கும் அம்மாவுக்கும் கொடுக்கும் தீபாவளிக் காசைப் பாதியாக்கலாம். இவ்வளவு குறைத்தும் மோதிரத்துக்குப் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. என் வரிசை சரிதானா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். பண்டிகை 20-ஆம் தேதி, திங்கட்கிழமை.

நங்கநல்லூர் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

அம்மா, முதலில் போனஸ் பற்றி ஒரு வார்த்தை. 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டப்படி, லாபமோ நஷ்டமோ, 8.33 சதவீதம் கட்டாயம். 20 சதவீதம் உச்சவரம்பு. எனவே அவர்கள் சதவீதத்தைக் குறைத்ததில் சட்ட மீறல் இல்லை. ஆனால் 7,000 என்று வந்ததைப் பார்த்தால், மாதச் சம்பளத்தை 7,000 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2015 திருத்தத்தின்படி, 7,000 ரூபாய் அல்லது அந்தத் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம், இரண்டில் எது அதிகமோ அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். தோல் தொழிலுக்கான குறைந்தபட்ச ஊதியம் எவ்வளவு என்று உங்கள் கணவர் சங்கத்திலோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ ஒரு முறை கேட்டுப் பார்க்கட்டும். சண்டைக்குப் போகச் சொல்லவில்லை, கேட்பதில் தவறில்லை.

டிவிக்கு வருவோம். செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரி சேராத விலை 25,000 என்றால், முன்பு 32,000-க்கு விற்றது இப்போது 29,500-க்குக் கிடைக்க வேண்டும். அந்த 2,500 ரூபாய் உண்மையான மிச்சம்தான். ஆனால் வட்டியில்லாத் தவணை என்பதை நம்பாதீர்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வட்டி எங்கும் போய்விடவில்லை. செயலாக்கக் கட்டணம் என்ற பெயரிலும், ரொக்கமாகத் தந்தால் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடியைத் தராமல் விடுவதிலும் ஒளிந்துகொண்டிருக்கிறது. கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முழுப் பணத்தையும் இப்போதே எண்ணி வைத்தால் என்ன விலைக்குத் தருவீர்கள்?" அந்தத் தொகைக்கும் தவணைகளின் மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி. இதையே கிரெடிட் கார்டில் போட்டு ஒரு மாதம் கட்டத் தவறினால், மாதம் மூன்றரை சதவீதம் என்ற கணக்கில் ஆண்டுக்கு 42 சதவீதம் வரை போகும். ஓவர்டைம் நின்றுபோன வீட்டில் தவணை நுழையக் கூடாது என்பது என் முப்பது வருட வங்கி அனுபவம். யார் வருத்தப்பட்டாலும் இதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

மோதிரம். அரைப் பவுன் என்றால் 4 கிராம். தங்கத்துக்கு மட்டுமே 45,000. அதற்கு மேல் சேதாரம், அதற்கும் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. ஐம்பதாயிரத்துக்குக் குறைந்து வெளியே வர முடியாது. கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து மோதிரம் வாங்கலாம் என்று உறவில் யாராவது யோசனை சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு கிராம் காசு ஒன்று தாம்பாளத்தில் வையுங்கள். காசுக்குச் சேதாரம் மிகக் குறைவு. பிறகு வசதி வரும்போது அதையே போட்டு மோதிரமாக்கிக்கொள்ளலாம், ஒரு குண்டுமணியும் வீண் போகாது.

உஸ்மான் சாலைத் துணிக்கடை ஊழியர்

தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் 24 ஆண்டுகளாக நிற்கிறேன். (நிற்கிறேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.) 2008-இல் அமெரிக்காவில் வங்கி விழுந்த அடுத்த மாதமே பழைய மகாபலிபுரம் சாலைக் கணினிக் கம்பெனிப் பிள்ளைகள் கடைக்கு வருவது குறைந்ததையும், 2020-இல் முகக்கவசத்தோடு வந்து பத்து நிமிடத்தில் எடுத்துக்கொண்டு ஓடியவர்களையும் பார்த்திருக்கிறேன். கஷ்ட காலத்தில் நம் ஊர்க் குடும்பங்கள் உருப்படிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை; விலையைத்தான் குறைக்கிறார்கள். ஐந்து பேருக்கு ஐந்து பை போயே ஆக வேண்டும். 1,500 ரூபாய்ச் சட்டை இருந்த இடத்தில் 600 ரூபாய்ச் சட்டை இருக்கும். அதிலும் முதலில் குறைவது அம்மாவின் புடவை, கடைசியில் குறைவது பிள்ளையின் உடுப்பு. உங்கள் தாளிலும் முதல் வரி அதுதான்.

சென்ற சனிக்கிழமை ஓர் அம்மா ஏழு வயதுப் பெண்ணுக்குப் பட்டுப்பாவாடை எடுத்தார். இடுப்பில் வைத்துப் பார்த்து, சரியான அளவை ஒதுக்கிவிட்டு, நாலு விரற்கடை நீளமானதை எடுத்து, அடியை உள்ளே மடித்துப் பிடித்து, "ரெண்டு வருஷத்துக்கு வருமா தம்பி?" என்று கேட்டார். வரும் என்றேன். ஜரிகைக் கரை மடிப்புக்குள் போய்விடுமே என்று அந்தக் குழந்தைக்குத்தான் முகம் வாடிவிட்டது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது: ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவுக்கு வராதீர்கள், கூட்டத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்துவிடுவீர்கள். வார நாளில் காலை பதினொன்றுக்குள் வந்தால் நாங்களும் பிரித்துக் காட்டுவோம். தைத்த உடுப்பில் 2,500 ரூபாய் வரை இப்போது வரி 5 சதவீதம்தான். முன்பு ஆயிரத்துக்கு மேல் போனாலே 12. எனவே பழைய விலைச் சீட்டு ஒட்டிய சட்டையில் புது வரி போட்டிருக்கிறார்களா என்று பில்லைப் பாருங்கள். மாமியாருக்கும் உங்களுக்கும் கோ-ஆப்டெக்ஸில் பருத்திப் புடவை பாருங்கள். தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி உண்டு, அந்தக் காசு நெசவாளர் சங்கத்துக்குப் போகிறது. எங்கள் முதலாளி இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டை தையல்காரம்மா

அக்கா, ரெடிமேட் ரவிக்கை என்று நீங்கள் எழுதிய வரியில் நின்றுவிட்டேன். ஒவ்வொரு ஆண்டும் தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதே, "தீபாவளித் தையல் எடுக்கப்படமாட்டாது" என்று எழுதிய அட்டையைக் கடை வாசலில் தொங்கவிடுவேன். இந்த ஆண்டு அந்த அட்டை இன்னும் மெஷினுக்குப் பின்னால் சாய்ந்தபடியே இருக்கிறது. என்னிடம் கொக்கி வைக்கவும் ஹெம்மிங் போடவும் இரண்டு பெண்கள் வருகிறார்கள். உருப்படிக் கணக்கில் கூலி. எனக்கு வேலை குறைந்தால் அது அவர்களுக்கு அன்றைக்கே குறைகிறது. உங்கள் கணவருக்கு ஓவர்டைம் நின்ற கதைதான், இங்கே சின்ன அளவில் நடக்கிறது.

இரக்கப்பட்டுத் தைக்கக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. கணக்காகவே சொல்கிறேன். லைனிங், மாடல், கயிறு, குஞ்சலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சாதா ரவிக்கை என்று சொன்னால் கூலி பாதிக்கும் கீழே வந்துவிடும். ரெடிமேட் எடுத்தால் தோளில் ஏறாது, கையில் பிடிக்காது, கடைசியில் பிரித்துத் தைக்க எங்களைப் போன்றவர்களிடம்தானே வருவீர்கள்! பீரோவில் இருக்கும் பழைய பட்டுப்புடவைக்குப் புது ரவிக்கை தைத்துப் போட்டால், புடவை புதிதா பழையதா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

பொருளாதாரம் கற்பிப்பவர், அண்ணா நகர்

மேலே தையல் அம்மா சொன்னதற்குப் பொருளாதாரத்தில் சிக்கனத்தின் முரண்பாடு என்று பெயர். ஒரு வீடு சிக்கனமாக இருந்தால் அந்த வீட்டுக்கு நல்லது. எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் சிக்கனமாக இருந்தால் எல்லோருடைய வருமானமும் விழும். பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ் 1936-இல் இதை விரிவாக விளக்கினார். அமெரிக்காவில் பெருமந்தம் முற்றிலும் விலகாத 1939-ஆம் ஆண்டில், கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் போதவில்லை என்று வணிகர்கள் முறையிட்டதால், அதிபர் ரூஸ்வெல்ட், அந்த வியாபாரம் சூடுபிடிக்கத் தொடங்கும் நன்றி நவிலல் நாளையே ஒரு வாரம் முன்னுக்குத் தள்ளினார். சில மாநிலங்கள் புதுத் தேதியிலும் சில மாநிலங்கள் பழைய தேதியிலும் கொண்டாடிக் குழம்பிய பிறகு, 1941-இல் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழன் என்று சட்டம் போட்டு முடித்தார்கள். நம் அமாவாசையை அப்படி நகர்த்த வழியில்லை. 2020-இல் மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு வட்டியில்லாமல் 10,000 ரூபாய் பண்டிகை முன்பணம் தந்ததும் இதே எண்ணத்தில்தான். ஆகவே எல்லோரும் கையை இறுக்கிக்கொள்வதும் நாட்டுக்கு நல்லதல்ல.

நங்கநல்லூர் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

ஐயா, நாட்டின் தேவையைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பைப் பல்லாவரத்தில் 7,000 ரூபாய் போனஸ் வாங்கிய வீட்டின் தலையில் வைக்க வேண்டாம். அதற்கு அரசும் பெரிய சம்பளக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் தையல் அம்மா எழுதியதைப் படித்த பிறகு எனக்கும் ஒன்று உறைத்தது. வாசகி அம்மாவின் தாளில் வெட்டு விழுந்ததெல்லாம் 100 ரூபாயும் 300 ரூபாயும் வாங்குகிறவர்கள் மீது. ஒரு கீறல்கூட இல்லாமல் தப்பித்தவை 50,000 ரூபாய் மோதிரமும் 29,500 ரூபாய் டிவியும். தண்ணீர்க் கேன் தம்பிக்குப் பாதியாக்கி மிச்சம் பிடிப்பதில் மோதிரத்தின் சேதாரத்தில் ஒரு விரற்கடைகூட வராது. தாளைத் தலைகீழாகப் பிடித்து மேலிருந்து வெட்டிக்கொண்டு வாருங்கள்.

பல்லாவரம் வாசகி

எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று மாமியாரோடு உட்கார்ந்து பேசினேன். மோதிரத்தைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே அவரே, நாத்தனார் போனில் பேசியதைச் சொன்னார். மாப்பிள்ளை வேலை பார்க்கும் ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனியிலும் இந்த ஆண்டு போனஸ் இழுபறியாம். நாங்கள் பெரிதாகச் சீர் வைத்துவிட்டால், பதில் மரியாதை செய்ய அவர்கள் கடன் வாங்க வேண்டியிருக்கும் என்று அவள்தான் பயந்துபோயிருக்கிறாள். ஒரு கிராம் காசு என்று முடிவாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, நாத்தனாருக்குப் புடவை, பிள்ளைகளுக்கு உடுப்பு, பட்டாசு எல்லாம் போக 8,000 ரூபாய் மிஞ்சும் போலிருக்கிறது. அதை நவம்பர் மாத வீட்டு வாடகைக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். குறைந்தபட்ச ஊதியம் பற்றிக் கணவர் திங்கட்கிழமை சங்கத்தில் கேட்கிறார்.

டிவி வேண்டாம் என்பதில்தான் அவருக்கு மனத்தாங்கல். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, பேனல் போய்விட்டது, மாற்றுவதும் புதிதாக வாங்குவதும் ஒன்றுதான் என்றார். தீபாவளியன்று காலைப் பட்டிமன்றத்தைக் கோடுகளோடு பார்த்துக்கொள்கிறோம். பேச்சில் கோடு விழாது என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வண்ணாரப்பேட்டை எனக்குத் தொலைவு, அம்மா. எங்கள் தெருத் தையல்காரரிடம் இரண்டு சாதா ரவிக்கைக்குத் துணி கொடுத்துவிட்டேன். 18-ஆம் தேதி மாலை வாங்கிக்கொள்ளச் சொன்னார். அவர் கடையிலும் அட்டை தொங்கவில்லை. எதிர்வீட்டுப் பாட்டியிடம் முறுக்கு இரண்டு கிலோவும் அதிரசம் ஒரு கிலோவும் சொல்லியாகிவிட்டது. அதிரசத்துக்குப் பாகு இன்று இரவே காய்ச்ச வேண்டுமாம், வெல்லத்துக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போனார்.